வகுப்பறைக்குப் பூட்டா?

“நிறுத்துங்கள் சார்! யாரைக் கேட்டுக்கொண்டு படம் காட்டுகிறீர்கள்?”

வாயிற்படியில் தலைமையாசிரியர் நின்றார். திரையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்துக்கொண்டிருந்தார். 1961-ஆம் ஆண்டு பி.ஆர்.பந்துலு இயக்கத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் காட்சி அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் மூச்சடக்கி அமர்ந்திருந்தனர். 1906-இல் வெள்ளையர் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்ட வீரம், 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்த துணிவு, அதற்குப் பரிசாகக் கோவைச் சிறையில் கிடைத்த செக்கு – இவற்றையெல்லாம் பாடநூலிலே சில வரிகளாகப் படித்து, மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள், அன்றுதான் அந்த வரிகளுக்குள்ளே ஒரு மனிதன் இருந்தான் என்பதைக் கண்டனர்.

புரொஜெக்டர் அணைந்தது. சன்னல்கள் திறந்தன, அறைக்குள் வெளிச்சம் வந்தது. பிள்ளைகளின் முகத்திலே இருந்த வெளிச்சமோ போயிற்று.

தலைமையாசிரியரை நாம் குறை கூறவில்லை. நல்லவர், பிள்ளைகள் மீது பரிவு கொண்டவர், ஓய்வு பெறச் சில ஆண்டுகளே உள்ளவர். “வேறொரு பள்ளியில் யாருக்கோ அறிவிக்கை வந்ததாம். மூன்றாண்டுச் சிறையாம். இரண்டு இலட்சம் தண்டமாம். நமக்கேன் வம்பு? பாடநூலை நடத்துங்கள், போதும்” என்றார்.

வந்ததாம், சிறையாம், தண்டமாம்! ‘ஆம்’, ‘ஆம்’ என்று முடியும் சொற்களாலேயே கட்டப்பட்ட அச்சம் அது. எந்தப் பள்ளி? எந்த ஆசிரியர்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? கேட்டவர் எவருமில்லை, சொன்னவர் எவருமில்லை. ஊரோரப் புளியமரத்தில் பேய் இருக்கிறதாம் என்று சொல்லிச் சொல்லியே, அந்தி சாய்ந்தபின் அவ்வழி நடக்க அஞ்சிய மக்களைப் பார்த்து நகைத்தவர்கள் நாம். பட்டம் பெற்றோம், பகுத்தறிவு பேசினோம், பாடம் நடத்த வந்தோம். வந்தபின், சட்டம் என்னும் புளியமரத்தை ஒருமுறை அண்ணாந்தும் பாராமல் ஓட்டம் பிடிக்கிறோம்! பேய்க்கு அஞ்சியவனாவது எழுத்தறியாதவன். எழுதியதைப் படித்துப் பார்க்க வல்ல நாம் அஞ்சுவதற்கு என்ன காரணம் கூறுவது?

ஆகவே, அன்று மாலை அந்தச் சட்டத்தைப் படித்தோம்.

தோழர்களே! சட்டத்தின் பெயர் பதிப்புரிமைச் சட்டம், 1957. நடைமுறைக்கு வந்தது 1958 சனவரி 21. அதன் 63-ஆவது பிரிவிலே தண்டனை உண்டு என்பது மெய். பிறர் உரிமையை அறிந்தே மீறுவோர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2,00,000 ரூபாய் வரை தண்டம் என்று எழுதியிருக்கிறது. நம் தலைமையாசிரியரின் காதுக்கு வந்து சேர்ந்தது இந்த ஒரு பிரிவுதான். ஆனால், அதற்கு முன்பே 52-ஆவது பிரிவு இருக்கிறதே, அது ஏன் யார் காதுக்கும் வரவில்லை? எவையெவை மீறல் ஆகமாட்டா என்று அடுக்கடுக்காக, நீண்ட பட்டியலாக அப்பிரிவு கூறுகிறதே, அதை ஏன் எந்தச் சுவரிலும் எவரும் எழுதி வைக்கவில்லை? தண்டனையைத் தமுக்கடித்துச் சொல்வோர், உரிமையை மட்டும் ஊமைச் சைகையால் சொல்வது ஏன்?

அந்தப் பட்டியலிலே ஆசிரியர்க்கென்றே அமைந்தவை இரண்டு. முதலாவது, 52(1)(i). ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பைப் படியெடுத்தால், அது மீறல் ஆகாது. தொடக்கத்தில் இது இலக்கியம், நாடகம், இசை, கலை ஆகிய படைப்புகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் ‘எந்தப் படைப்பையும்’ என்று அதை விரித்தது. திரைப்படமும் அதற்குள் வந்துவிட்டது.

இரண்டாவது, 52(1)(j). கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின் போக்கில் திரைப்படத்தையோ ஒலிப்பதிவையோ காட்டலாம், கேட்கச் செய்யலாம். பார்ப்போர் ஆசிரியரும் பணியாளரும் மாணவரும், மாணவரின் பெற்றோரும் காப்பாளரும், நிறுவனச் செயற்பாடுகளோடு தொடர்புடையோரும் ஆகிய இவர்களாக மட்டும் இருத்தல் வேண்டும். இது நேற்று வந்த சலுகையன்று, 1957-இலேயே இருந்தது. பின்னாளில், அத்தகைய அவையினர்க்குப் படத்தைச் ‘சென்றுசேரச் செய்வதும்’ மீறலாகாது என்ற சொற்களைச் சேர்த்தனர்.

இதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியா, வெட்கமா? வெட்கமே! 1957 முதல் நம் கையில் இருந்த சாவியை மறந்துவிட்டு, பூட்டாத கதவின் முன்னே கைகட்டி நின்றிருக்கிறோம். செக்கிழுக்கும் காட்சியைப் பள்ளியறையில் பிள்ளைகட்குக் காட்ட எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை. படத்தட்டின் உறையிலே ‘வீட்டில் தனியே பார்ப்பதற்கு மட்டும்’ என்று எவரேனும் அச்சிட்டிருந்தால், அது விற்றவரின் விருப்பம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று.

அச்சம் ஒரு மூடநம்பிக்கை என்றால், அதற்கு எதிர்ப்புறத்திலே வேறு சில மூடநம்பிக்கைகள் உண்டு. அவற்றையும் விட்டுவைத்தலாகாது. நம் தோழர் சிலர் துணிந்து படம் காட்டுகின்றனர். ஆனால் சட்டத்தைப் படித்தல்ல, தாயத்துக் கட்டிக்கொண்டு!

முதல் தாயத்து, ‘முப்பது நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை’ என்பது. இப்படி ஒரு நொடிக்கணக்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இல்லை. அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம், 107-ஆவது பிரிவிலே நியாயமான பயன்பாட்டை அளக்க நான்கு கேள்விகளை வைத்தது. எதற்காகப் பயன்படுத்துகிறாய்? படைப்பின் தன்மை என்ன? எவ்வளவு எடுத்தாய்? அதனால் அதன் சந்தைக்கு என்ன கேடு? நான்கும் சிந்திப்பவனுக்கான கேள்விகள். கடிகாரத்தைப் பார்த்து விடை சொல்லக் கூடியது ஒன்றுமில்லை. நேருக்கு நேர் நடக்கும் வகுப்பறைத் திரையிடலுக்கு அங்கே தனியாகவே 110-ஆவது பிரிவு இருக்கிறது.

இரண்டாம் தாயத்து, காணொளியின் அடியிலே ‘பதிப்புரிமையை மீறும் நோக்கம் எமக்கில்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுவது. பிறர் தோட்டத்து மாங்காயைப் பறித்துக்கொண்டே, ‘திருடும் நோக்கமில்லை’ என்று முணுமுணுத்தால் அது உரிமையாகி விடுமோ? பயன்பாடு நியாயமானது என்றால் அந்த வரி தேவையில்லை. நியாயமற்றது என்றால் அந்த வரி காப்பாற்றாது. பயனற்ற மந்திரத்தைப் பகுத்தறிவாளர் ஏன் சொல்ல வேண்டும்?

மூன்றாம் தாயத்து, ‘படைத்தவர் பெயரைப் போட்டுவிட்டால் போதும்’ என்பது. பெயரைக் குறிப்பிடுவது பண்பு, செய்யத்தான் வேண்டும். ஆனால் பண்பு வேறு, இசைவு வேறு. பெயரைச் சொல்லிவிட்டு முழுப் படத்தையும் ஊருக்கெல்லாம் விற்றால், அது பெயர் சொல்லிச் செய்த திருட்டே.

‘எல்லாம் குற்றம்’ என்று நடுங்குவதும், ‘எதுவும் குற்றமில்லை’ என்று மந்திரம் போடுவதும், படிக்காமல் நம்புதல் என்னும் ஒரே தாயின் இரட்டைப் பிள்ளைகள்.

இனி, வேரைப் பார்ப்போம். பதிப்புரிமை என்றாலே அதைத் தெய்வம் தந்த சொத்துப் போலப் பேசுவோர் உளர். அதைத் தொட்டால் தீட்டு, அதைப் பற்றிக் கேட்டால் பாவம்! உண்மை என்ன? பிரிட்டனில் 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியாரின் சட்டத்தைத்தான் இத்துறையின் முதற்சட்டம் என்பர். அதன் தலைப்பே கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்று தொடங்குகிறது. அதுவரை நூல் வணிகர் குழு ஒன்று அச்சுத் தொழிலைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தது. அந்தப் பிடியைத் தளர்த்தி, புது நூலுக்குப் பதினான்கு ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னுமொரு பதினான்கு ஆண்டு என்று உரிமைக்கு எல்லை கட்டினர். எல்லையற்ற உரிமை வேண்டும் என்று வணிகர் விடாது வழக்காடினர். 1774-இல் பிரபுக்கள் அவை, ‘என்றென்றைக்கும்’ என்ற அந்தக் கோரிக்கையைத் தள்ளிற்று. உரிமை தோன்றிய நாளிலேயே எல்லையும் உடன் தோன்றிவிட்டது.

பின்னர் என்ன நடந்தது? எல்லைக்கல் நகர்ந்துகொண்டே வந்தது. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்தபின் ஐம்பதாண்டு என்றிருந்தது, தாகூரின் நூல்கள் பொதுவுடைமை ஆகவிருந்த வேளையில், அறுபதாண்டு என 1992-இல் நீட்டப்பட்டது. திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து அறுபதாண்டு. அந்தக் கணக்கின்படி, நாம் வகுப்பிலே காட்டிய 1961-ஆம் ஆண்டுப் படத்தின் உரிமைக் காலம், திரைப்படம் என்ற முறையில், 2021 இறுதியோடு முடிந்தே போயிற்று! உரையாடல், இசை போன்றவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு என்பதையும் அறிவோம். எனினும், இசைவு கேட்கத் தேவையில்லாத ஓர் அறையிலே, காலம் முடிந்துபோன ஒரு படத்தைக் காட்டத்தான் நாம் நடுங்கியிருக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

‘சட்டத்தில் எழுதியிருக்கலாம், நீதிமன்றத்தில் நிற்குமா?’ என்று கேட்பீர்கள். நின்றிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்னும் மூன்று பெரும் பதிப்பகங்கள், தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்திலே படியெடுத்துக் கொடுத்த ராமேசுவரி என்னும் சிறு கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்தில் உள்ள பக்கங்களைப் பல நூல்களிலிருந்து படியெடுத்துக் கட்டுகளாக மாணவர்க்குக் கொடுத்ததுதான் ‘குற்றம்’. வசதியற்ற மாணவர் அந்த விலையேறிய நூல்களையெல்லாம் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால், பட்டம் பெறுவதற்கு முன் பண்டங்களையெல்லாம் விற்க வேண்டியதுதான்!

2016 செப்டம்பர் 16-ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. பதிப்புரிமை என்பது தவிர்க்கவொண்ணாத, தெய்விகமான, இயற்கையான உரிமையன்று; மக்களின் அறிவு வளத்துக்காகக் கலைகள் செழிக்கத் தூண்டுவதற்கென அமைந்தது என்ற கருத்தை அத்தீர்ப்பு வெளிப்படையாகக் கூறிற்று. கற்பித்தல் என்பது மணியடித்து மணியடிக்கும் இடைவேளையில் ஆசிரியர் வாய்திறந்து பேசுவது மட்டுமன்று என்றும் கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், இரு நீதிபதிகள் அமர்ந்த ஆயம், எத்தனை பக்கம் என்ற எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளாமல், கற்பிக்கும் நோக்கத்துக்கு அவ்வளவு தேவையா என்பதையே அளவுகோலாக வைத்தது. சில உண்மைகளை ஆராயும்படி வழக்கைத் திருப்பியும் அனுப்பிற்று. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே விலக்கிக்கொண்டன. வழக்கு தாள் பற்றியது, காணொளி பற்றியதன்று என்பது மெய். ஆனால், ‘கற்பித்தலின் போக்கில்’ என்ற அதே சொற்கள்தாம் நம் காணொளித் துணுக்கையும் காக்க நிற்கின்றன.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் பூட்டு திறந்தது என்று எண்ணினோம். பூட்டு வேறிடத்தில் இருந்தது.

நம் வகுப்பு மாணவன் ஒருவன் காலொடிந்து இரண்டு மாதமாக வீட்டிலே படுத்திருந்தான். தந்தை சுமை தூக்குபவர். தாய் காலையில் போனால் மாலையில் வருபவர். தனியாகக் கிடந்த அவன், தாயின் கைப்பேசியில், “சார், எனக்கும் அந்தப் பாடம் வேண்டும்” என்று கேட்டு அனுப்பினான். வகுப்பைப் பதிவு செய்தோம். நாம் பேசுவது முப்பது நிமிடம். இடையிலே அந்தப் படத்தின் காட்சி இரண்டு நிமிடம். அதில் பாரதியின் பாடல் ஒன்றின் சிறு பகுதி. ஒரு காணொளித் தளத்தில், பொதுமக்கள் கண்ணில் படாதபடி, இணைப்புப் பெற்ற நம் மாணவர் மட்டும் காணுமாறு ஏற்றினோம். சில நிமிடம்கூடச் செல்லவில்லை. தடுக்கப்பட்டது! காரணம், அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்துக்கு உரியதாம்.

பாரதியின் பாட்டு ஒரு நிறுவனத்துக்கு உரியது! இந்தச் சொல்லைத் தமிழ்நாடு முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறது. 1921-இல் பாரதி மறைந்தபின், அவர் பாடல்களை ஒலித்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை, கைமாறிக் கைமாறி, 1940-களில் பட அதிபர் ஏ.வி.மெய்யப்பனிடம் வந்து சேர்ந்திருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்திலே பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது, அது உரிமைத் தகராறாக எழுந்தது. மக்களுக்காகப் பாடியவன் பாட்டுக்கு மக்களே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா என்ற கேள்வி நாடெங்கும் கிளம்பிற்று. எழுத்தாளரும் கலைஞரும் குரல் கொடுத்தனர். ஓமந்தூர் இராமசாமியார் முதல்வராயிருந்த சென்னை அரசு, 1949-இல் பாரதியின் படைப்புரிமையைத் தன் கைக்குக் கொணர்ந்தது. துணைவியார் செல்லம்மாளுக்கும் பெண்மக்களுக்கும் தொகை வழங்கியது. 1950-களின் இடையில் அவ்வுரிமையை மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ பாரதியை அத்தனை உரிமையோடு பாட முடிந்ததன் பின்னே இந்த வரலாறு நிற்கிறது. பின்னாளில் பாரதிதாசன், அண்ணா முதலிய பலருடைய நூல்களும் நாட்டுடைமை ஆக, தமிழ் இணையக் கல்விக்கழகம் அத்தகைய நூல்களை இணையத்திலே எவரும் படிக்க வைத்திருக்கிறது. நூலைப் பொதுவாக்குவதில் தமிழ்நாடு நடந்த வழி பெருமைக்குரியது.

அப்படி அரசு தன் கையால் திறந்துவைத்த கதவை, எங்கோ இருக்கும் ஓர் எந்திரம் மீண்டும் சாத்துகிறது! பாட்டு பொது. படத்தின் ஒலிப்பதிவுக்கும் அறுபதாண்டு முடிந்தது. பயன்படுத்தியவர் ஆசிரியர். பார்ப்பவர் மாணவர். நான்கு வாயிலும் திறந்திருக்க, எந்திரம் மட்டும் மூடுகிறது. ஏன்? அதற்கு ஒலியை ஒலியோடு ஒப்பிடத் தெரியும். ஒருவன் கற்பிக்கிறானா, விற்கிறானா என்று அறியத் தெரியாது. ‘இது என்னுடையது’ என்று ஒருவர் முன்னரே பதிந்து வைத்துவிட்டால், அது மெய்யா என்று கேட்க அதற்கு வாயில்லை. 52-ஆவது பிரிவை அது படித்ததில்லை.

முறையிட்டோம். ‘உங்கள் முறையீடு உரிமையாளருக்கு அனுப்பப்பட்டது’ என்று விடை வந்தது. வழக்காளியே நீதிபதி! நம் நாட்டுச் சட்டமோ, 2012 திருத்தத்தின் வழியே, இணையத்தில் இடைநின்று பிறர் படைப்புக்கு இணைப்பும் வழியும் தருவோர் பற்றி ஓர் ஏற்பாடு செய்தது. உரிமையாளர் முறையிட்டால் 21 நாள் தடுத்துவைக்கலாம். அதற்குள் அவர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் மீண்டும் திறக்கலாம். அங்கே நாள் கணக்கு உண்டு, நீதிமன்றம் உண்டு. எந்திரத்தின் ஆட்சியில் இரண்டும் இல்லை. வாரங்கள் ஓடின. பருவத்தேர்வும் முடிந்தது. பாடம் பூட்டியே கிடந்தது. கடைசியில், அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்ப் போட்டுக் காட்டினோம்.

ஒரு மாணவன் வீட்டுக்கு நடந்து போகலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இலட்சக்கணக்கான வீடுகளுக்கு எந்த ஆசிரியர் நடந்திருக்க முடியும்? அந்நாளில் கைப்பேசியே கரும்பலகை ஆயிற்று. மாணவர் குழுவுக்குள் நடந்த அந்த வகுப்பும் வகுப்புத்தானே? அதிலே காட்டிய படமும் ‘அத்தகைய அவையினர்க்குச் சென்றுசேரச் செய்தது’ தானே? சட்டத்தின் சொற்கள் இடம் தருகின்றன என்றே நாம் படிக்கிறோம். ஆயினும், ‘இணையவழி வகுப்பும் வகுப்பே’ என்ற ஒரு தெளிவான வரி சட்டத்தில் இல்லை. அமெரிக்கா 2002-ஆம் ஆண்டிலேயே தொலைவழிக் கல்விக்கெனத் தனித்திருத்தம் செய்தது. அதிலும் ஆயிரம் நிபந்தனை உண்டு. ஆனால் கேள்வியைக் கேள்வியாகவாவது எடுத்துக்கொண்டனர். நாம்?

இன்னொரு பூட்டும் உண்டு. அதன் பெயர் ஒப்பந்தம். மாதக் கட்டணம் வாங்கிப் படம் காட்டும் தளங்கள், நாம் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் நீண்ட நிபந்தனைகளிலே, ‘தனிப்பட்ட, வீட்டுப் பயனுக்கே’ என்று எழுதிக்கொள்கின்றன. சட்டம் தந்ததை ஒப்பந்தம் பறிக்கிறது. நெட்பிளிக்ஸ் தன் ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்விக்காகத் திரையிட இசைவு தந்துள்ளது. நன்றி கூறுவோம். ஆனால் தோழர்களே, இசைவு என்பது கொடுப்பவர் கையில் இருப்பது. நாளை கையை மூடிக்கொண்டால் கேட்க வழியில்லை. கொடையைப் பாராட்டலாம், கொடையை நம்பிப் பாடத்திட்டம் வகுக்க முடியாது. நமக்கு வேண்டுவது உரிமை.

இங்கே நேர்மையான ஒரு கேள்வி எழும். ‘படைப்பவன் வயிறு என்னாவது? பாட்டெழுதுகிறவன், இசையமைக்கிறவன், படம் எடுக்கிறவன் எல்லாரும் காற்றைக் குடித்து வாழ்வதோ?’

வாழ வேண்டும், வளமாக வாழ வேண்டும். உழைத்தவனுக்குக் கூலி என்பதை மறுப்பவன் இந்த ஏட்டைப் படிக்கும் தகுதியற்றவன். ஆனால் அந்தக் கலைஞனின் கூலியை இதுவரை விழுங்கியவர் யார்? நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடப் படம் காட்டிய ஆசிரியரா? நம் சட்டத்தின்படி திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளரே, இயக்குநர் அல்லர். பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு, காலமெல்லாம் பிறர் ஈட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நிலையை மாற்ற, 2012 திருத்தம்தான் அவர்கட்கு விட்டுக்கொடுக்க முடியாத பங்குரிமையைத் தந்தது. நம் வகுப்பறைக்கு வழியை விரித்ததும் அதே திருத்தம். ஒரே சட்டம், ஒரே ஆண்டு, இரு கைகள்: ஒரு கை கலைஞனுக்கு, ஒரு கை கல்விக்கு. கலைஞனும் ஆசிரியனும் பகைவர் என்று காட்டுவோர், இருவருக்கும் நடுவிலே நின்று சுங்கம் வாங்குவோரே.

எல்லையையும் நாமே வகுத்துக்கொள்வோம். உரிமை கேட்பவன் முதலில் கடமை அறிய வேண்டும். பள்ளி விழாவிலே ஊராரை அழைத்துச் சீட்டு விற்றுப் படம் காட்டினால், 52(1)(j) துணை வராது. இசைவு பெறத்தான் வேண்டும். புதுப்படத்தின் திருட்டுப் பதிப்பை இறக்கி, ‘பாடத்துக்காக’ என்று பெயர் சூட்டுவது பொய். பிறர் உழைத்துச் செய்த பாடக் காணொளியை வெட்டி ஒட்டித் தன் பெயரில் விற்கும் பயிற்சிக் கடைக்காரர் நம் அணியில் இல்லை. மழை பெய்தால் பாடவேளையைக் கழிக்கப் படம் போடுவதும் கற்பித்தல் அன்று. ‘இந்தக் காட்சி இந்தப் பாடத்துக்கு ஏன்?’ என்று கேட்டால் ஒரு வரியில் விடை கூற இயல வேண்டும். அந்த விடை உள்ளவன் அஞ்ச வேண்டா. இல்லாதவன் படம் காட்ட வேண்டா.

தமிழ்நாட்டிலே வாய்ப்புக்குக் குறைவில்லை. 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலே கைப்பேசியால் தொட்டுக் காணொளி பார்க்கக் கட்டக்குறிகள் அச்சாயின. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2022-இல் அரசுப் பள்ளிகளிலே சிறார் திரைப்படங்கள் திரையிடும் முயற்சி தொடங்கியது. கருவி வந்தது, திரை வந்தது, படம் வந்தது. ‘இது உன் உரிமை’ என்ற ஒற்றைத் தாள் மட்டும் ஆசிரியர் மேசைக்கு வரவில்லை.

ஆகவே, நாம் கேட்பவை இவை. பள்ளிக் கல்வித்துறை, 52-ஆவது பிரிவின் கல்விப் பகுதிகளை எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பட்டும். ஆசிரியர் பயிற்சியிலே அதை ஒரு பாடமாக்கட்டும். நாடாளுமன்றம், மாணவர் மட்டும் காணும் இணைய வகுப்பும் வகுப்பே என்றும், சட்டம் தந்த கல்வி உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்கவொண்ணாது என்றும் எழுதட்டும். காணொளித் தளங்கள், ஆசிரியரின் முறையீட்டை உரிமை கோருபவரிடமே அனுப்பாமல், மனிதர் ஒருவர் கண்ணால் பார்த்துத் தீர்க்கும் வழி செய்யட்டும். பொய்யாக உரிமை கோருவோர்க்கும் ஒரு தண்டம் இருக்கட்டும். மீறியவனுக்குச் சிறை, பொய்யாகப் பூட்டியவனுக்கு ஒன்றுமில்லை என்பது என்ன தராசு?

நமக்கும் வேலை உண்டு. நாம் ஆக்கும் பாடக் காணொளிகளை, எவரும் எடுத்தாளலாம், பெயரை மட்டும் குறிப்பிடுக என்னும் பொது உரிமத்தில் வெளியிடுவோம். பிறர் கதவைத் திறக்கச் சொல்பவன் தன் கதவை முதலில் திறந்துவைக்க வேண்டுமல்லவா?

மறுநாள் நாம் சட்டப்பிரிவைத் தாளில் எழுதி, தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இத்தனை ஆண்டு இது எனக்குத் தெரியாதே சார்” என்றார். அந்தத் தாளைக் கோப்பிலே வைத்தார். ஒரு படி எடுத்து ஆசிரியர் அறையின் சுவரில் ஒட்டச் சொன்னார். அன்று பிற்பகல் படம் விட்ட இடத்திலிருந்து ஓடிற்று. கடைசி வரிசையிலே நாற்காலி போட்டு அவரும் அமர்ந்து பார்த்தார்.

அந்தச் சுவரொட்டி ஒரு பள்ளியிலே இருக்கிறது. இதைப் படிக்கும் ஆசிரியத் தோழர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் பள்ளிச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது?